தூங்குகிறதாம் தங்கம்!

பட்ஜெட் நெருங்கும்போதும் தங்கத்தின் விலை புதிய உச்சத்தைத் தொடும்போதும் ஒரு பேச்சு தவறாமல் கிளம்புகிறது. இந்திய வீடுகளில் ஏறத்தாழ 25,000 டன் தங்கம் இருப்பதாக உலகத் தங்கக் கழகம் மதிப்பிடுகிறது. ரிசர்வ் வங்கியின் கையிருப்போ சுமார் 880 டன். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துவிட்டு, தொலைக்காட்சி விவாதத்தில் யாராவது ஒருவர் அங்கலாய்ப்பார். இவ்வளவு செல்வமும் பீரோவில் தூங்குகிறதே, வெளியே வந்தால் எத்தனை தொழிற்சாலை கட்டலாம், எத்தனை பாலம் போடலாம் என்பார். கடைசியில் பழி வந்து விழுவது வீட்டுப் பெண்கள் தலையில். நகை மோகம் பிடித்தவர்கள், கணக்குத் தெரியாதவர்கள், நாட்டின் மூலதனத்தைக் கழுத்தில் பூட்டி வைத்திருப்பவர்கள் என்று பட்டம் கிடைக்கும்.

படித்தவர்கள் மத்தியில் இது மறுபேச்சில்லாத உண்மையாகிவிட்டது. இடதுசாரிப் பொருளாதாரப் பேராசிரியரும் மியூச்சுவல் ஃபண்ட் முகவரும் வேறு எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள். இதில் மட்டும் ஒரே குரல். ஒருவருக்கு அது பிற்போக்கு, இன்னொருவருக்கு அது மோசமான போர்ட்ஃபோலியோ. இருவருக்குமே அது செத்த முதல்.

என் கட்சி வேறு. வீட்டுத் தங்கம் தூங்கவில்லை. சம்பளச் சீட்டோ சொத்துப் பத்திரமோ காட்ட முடியாத கோடிக்கணக்கான குடும்பங்களுக்கு, கடன் வாங்கும் தகுதியைத் தருவது அதுதான். அதை வெறும் முதலீடாகப் பார்த்து மார்க் போடுகிறவர்கள், அது செய்கிற வேலையைக் கவனிக்கவே இல்லை. கவனிக்காததால்தான், அதை வீட்டிலிருந்து வெளியே இழுக்கத் தீட்டப்பட்ட அரசுத் திட்டங்கள் அறுபது ஆண்டுகளாக ஒன்று மாற்றி ஒன்று தோற்றுக்கொண்டிருக்கின்றன.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொள்வோம். அதை மிகக் கூர்மையாகச் சொன்னவர் வாரன் பஃபெட். பெர்க்‌ஷயர் ஹாத்தவேயின் 2011ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் அவர் ஒரு கணக்குப் போட்டார். உலகத்தில் அன்று இருந்த தங்கம் ஏறத்தாழ 1,70,000 டன். மொத்தத்தையும் உருக்கிச் சேர்த்தால், பக்கத்துக்கு 68 அடி கொண்ட ஒரு கனசதுரம் கிடைக்கும். அதன் விலைக்கு அமெரிக்காவின் மொத்த விளைநிலத்தையும், எக்ஸான் மொபில் அளவுள்ள 16 நிறுவனங்களையும் வாங்கிய பிறகும் பெருந்தொகை கையில் மிஞ்சும். நூறு ஆண்டு கழித்துப் பார்த்தால் நிலம் நூறு போகம் விளைந்திருக்கும், நிறுவனங்கள் லாபத்தைக் கொட்டியிருக்கும். அந்தக் கனசதுரம் மட்டும் ஒரு குன்றிமணி கூடக் கூடாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

விலை ஏறிக்கொண்டேதான் போகும் என்ற நம்பிக்கையையும் வரலாறு ஆதரிக்கவில்லை. 1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டது. 1999இல் 250 டாலர் அளவுக்குச் சரிந்தது. பழைய உச்சத்தைத் திரும்பப் பார்க்க 2008 ஜனவரி வரை, 28 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ரூபாயின் மதிப்பு சரிந்ததால் நம் ஊரில் அந்த வீழ்ச்சி வெளியே தெரியவில்லை. ஆனால் அந்த இருபது ஆண்டுகளில் இந்தியாவில் தங்கம் ஏறியதைவிட அரிசி, பருப்பு விலை வேகமாக ஏறியது. ஆகவே தங்கம் வாங்கினால் நஷ்டமே வராது என்று நகைக்கடை விளம்பரத்தில் வரும் நடிகர் சொல்வதும் பொய்தான். அந்தப் பொய்க்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

பஃபெட்டின் கணக்கிலும் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் இருக்கிற ஆள் யார் என்று பார்க்க வேண்டும். கையில் உபரிப் பணம் இருக்கிறது, நூறு ஆண்டு பொறுக்க முடியும், நடுவில் அவசரம் எதுவும் வராது, வந்தாலும் வங்கி அவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கடன் கொடுக்கும். அப்படிப்பட்ட ஆளுக்குத் தங்கம் வீண்தான். தஞ்சாவூர்ப் பக்கம் மூன்று மா குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவருக்கு இந்த நான்கில் ஒன்றுகூடப் பொருந்தாது. அவருக்கு நூறு ஆண்டுக் கணக்கு வேண்டியதில்லை. மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறந்தால், அந்த வாரத்திலேயே விதைநெல்லுக்கும் உழவுக்கும் பணம் வேண்டும். அதே வாரத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கும்.

அந்த நாட்களில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ, கடைத்தெரு வங்கிக் கிளையிலோ போய் நின்று பார்க்க வேண்டும். புடவைத் தலைப்பில் முடிந்து வந்த சங்கிலியும் வளையலும் கவுண்டருக்கு வருகின்றன. மதிப்பீட்டாளர் உரைகல்லில் ஓர் இழை இழுக்கிறார், அதன்மேல் ஒரு துளி அமிலம் விடுகிறார், நிறம் பார்க்கிறார், எடை போடுகிறார், கல் எடையைக் கழிக்கிறார். அரை மணி, ஒரு மணி நேரத்தில் பணம் கைக்கு வந்துவிடுகிறது. வருமானச் சான்று, ஜாமீன்தாரர், சிபில் மதிப்பெண் என்று எதற்கும் அலைய வேண்டியதில்லை. அறுவடை முடிந்ததும் மீட்கிறார்கள். முடியாவிட்டால் வட்டியைக் கட்டி மாற்றி வைக்கிறார்கள். அடுத்த ஆண்டு அதே சங்கிலி அதே கவுண்டருக்குத் திரும்ப வருகிறது. ஒரு சங்கிலி இருபது போகத்துக்கு முதல் போட்டிருக்கும். அதைத்தான் தூங்குகிறது என்கிறார்கள்.

இந்த வேலையைத் தங்கம் செய்வதற்குக் காரணம் அதன் பளபளப்பு இல்லை, அதன் வேதியியல். அது காற்றோடும் தண்ணீரோடும் வியர்வையோடும் வினைபுரியாது. நைட்ரிக் அமிலம் தனியாக அதைத் தொடாது. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்து ராஜ திராவகம் ஆனால்தான் கரையும். உரைகல் சோதனையே இந்தக் குணத்தில்தான் நிற்கிறது: அமிலம் பட்டதும் செம்பின் இழை மறைந்துவிடும், தங்கத்தின் இழை நிற்கும். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம்; வெள்ளி 10.5, ஈயம் 11.3 என்பதால், மலிவான உலோகத்தைக் கலந்தால் எடையே காட்டிக்கொடுத்துவிடும். பாட்டி காலத்து அட்டிகையை இன்று உருக்கினாலும் அன்று போட்ட தங்கம் அப்படியே வரும். அழுகாத, துருப்பிடிக்காத, யாரிடம் போனாலும் ஒரே மதிப்பு சொல்லும் பொருளுக்குத்தான் முன்பின் தெரியாத ஒருவர் நம்பிக் கடன் கொடுப்பார்.

நிலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நிலத்தை வைத்துக் கடன் வாங்கப் பட்டா வேண்டும், சிட்டா வேண்டும், வில்லங்கச் சான்று வேண்டும், வாரிசுகள் கையெழுத்து வேண்டும். பங்காளி ஒருவர் முறைத்துக்கொண்டால் எல்லாம் நின்றுபோகும். குத்தகைதாரருக்கு அதுவும் இல்லை. தங்கம் தன்னைப் பற்றிய சான்றிதழைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. காகிதம் இல்லாதவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறெதுவும் இல்லை.

இங்கே முதலீட்டு ஆலோசகர் குறுக்கிடுவார். தங்கம் வேண்டுமென்றால் வாங்குங்கள், ஆனால் நகையாக வாங்காதீர்கள் என்பார். செய்கூலி, சேதாரம், அதற்கு மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. விற்கப் போனால் இதில் பெரும்பங்கு திரும்பி வராது. அதற்குப் பதில் கட்டியாகவோ இடிஎஃப் ஆகவோ வாங்கினால் அவ்வளவு வீணாகாது என்று கணக்குக் காட்டுவார். கணக்கு சரிதான். ஆனால் அவர் சொல்லாமல் விடுகிற ஒரு விதி இருக்கிறது. கட்டித் தங்கத்தின் மேல் கடன் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தங்க இடிஎஃப் மேலும், தங்க மியூச்சுவல் ஃபண்ட் மேலும் கொடுக்கக் கூடாது. நகைக்கும், நாணயம் என்றால் ஓர் அளவுக்கும் மட்டுமே அனுமதி. அதாவது, ஆலோசகர் அறிவாளித்தனம் என்று சொல்வதைக் கொண்டுபோனால் வங்கி திருப்பி அனுப்பும். முட்டாள்தனம் என்று சொல்வதைக் கொண்டுபோனால் பணம் எண்ணித் தரும்.

சேதாரமாகப் போகிற காசு நஷ்டம் என்பதை மறுக்கவில்லை. எட்டு சதவீதமும் பன்னிரண்டு சதவீதமும் சேதாரம் போடுகிற கடைகளைத் தட்டிக்கேட்க வேண்டும் என்பதிலும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது ஒரு முறை கட்டுகிற செலவு. அதற்குப் பதிலாகக் கிடைப்பது, ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் கடன் வாங்கும் வழி. நகைச் சங்கிலி இல்லாத குடும்பம் அதே அவசரத்துக்குக் கந்துவட்டிக்காரரிடம் போய் நிற்கும்போது, அந்தச் செலவு எவ்வளவு சின்னது என்று தெரியும். விற்கும்போது என்ன கிடைக்கும் என்று மட்டும் பார்க்கிற கணக்கில் இது வராது. பெரும்பாலான குடும்பங்கள் நகையை விற்பதற்காக வாங்குவதில்லை. விற்காமல் சமாளிப்பதற்காகவே வாங்குகின்றன.

இன்னும் கொஞ்சம் கெட்டிக்கார எதிராளி வேறொரு கேள்வி கேட்பார். 2025 மார்ச்சில் வங்கிகளின் நகைக் கடன் நிலுவை 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது, நிதி நிறுவனங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் கொடுத்தது தனி, அடகுக் கடைகள் கொடுத்தது கணக்கிலேயே வராது. எல்லாவற்றையும் சேர்த்தாலும் 25,000 டன்னில் அது சிறு பங்குதானே, மீதி தூங்குகிறது என்றுதானே அர்த்தம் என்பார். நியாயமான கேள்வி. பதிலும் நேரானது. தீயணைப்பு நிலையத்தில் வண்டி நிற்பதைப் பார்த்து யாரும் வீண் செலவு என்பதில்லை; வண்டி நிற்கிறது என்பதால்தான் ஊர் தூங்குகிறது. ஆபத்து வந்தால் பணம் புரட்ட முடியும் என்ற தைரியத்தில்தான் ஒரு குடும்பம் மகளைப் பொறியியல் கல்லூரியில் சேர்க்கிறது, மளிகைக் கடையைப் பெரிதாக்குகிறது, துபாய்க்கு விசா எடுக்கிறது. அடகுக்குப் போகாத தங்கமும் அந்தத் தைரியத்தைத் தந்துகொண்டுதான் இருக்கிறது. அதை அளக்கப் பொருளாதார நூல்களில் கருவி இல்லை என்பதற்காக அது இல்லையென்று ஆகிவிடாது.

இது யாருடைய தைரியம் என்பதும் முக்கியம். 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுவதும் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு மகளுக்குச் சம பங்கு வந்தது. சட்டம் வந்தது, நிலம் வரவில்லை. 2015–16 வேளாண் கணக்கெடுப்பில், இந்தியாவின் சாகுபடிப் பண்ணைகளில் பெண்கள் கையில் இருந்தவை நூற்றுக்கு 14 மட்டுமே. அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கிடைப்பது கழுத்திலும் கையிலும் இருப்பதுதான். சீதனம் பெண்ணுக்கே முழு உரிமையானது, கணவருக்கு அதில் பங்கில்லை என்று உச்ச நீதிமன்றம் 1985இல் பிரதிபா ராணி வழக்கில் சொன்னது. 2024இல் இன்னொரு வழக்கில் திரும்பவும் சொன்னது. வருமான வரித் துறைகூட இதை ஒப்புக்கொள்கிறது. மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரை சோதனையில் கிடைக்கும் நகையைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்று 1994இல் மத்திய நேரடி வரிகள் வாரியம் அறிவுறுத்தியது.

சட்டப்படி அவளுடையது என்றாலும், கழற்றிக் கொடு என்று கணவர் கேட்டால் எத்தனை பேரால் மறுக்க முடிகிறது என்று கேட்கலாம். மறுக்க முடியாதவர்கள் நிறைய. கொடுத்த நகை திரும்பி வராமல் போன கதை இல்லாத தெரு கிடையாது. ஆனாலும் அவர் கேட்க வேண்டியிருக்கிறது என்பதே ஒரு வித்தியாசம். தன் பெயரில் இருக்கிற நிலத்தை விற்க அவர் மனைவியைக் கேட்க வேண்டாம். வளையலைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அந்த வளையலை வங்கிக் கணக்காகவும் டீமேட் கணக்காகவும் மாற்றிவிட்டால், பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

இனி 'உற்பத்தியில் முதலீடு' என்ற மந்திரத்துக்கு வருவோம். வீட்டுத் தங்கம் உற்பத்திக்குப் போக வேண்டுமாம். தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்கள் அப்படிப் போன அனுபவம் இல்லாதவை அல்ல. 1998இல் தேக்குத் தோட்டத் திட்டம் நடத்திய அனுபவ் நிறுவனம் சரிந்தது. மரம் வளரும், பணம் பெருகும் என்று நம்பிப் போட்ட ஓய்வூதியக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தன. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பாடம் கிடைத்திருக்கிறது. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று பிரதமர் அறிவித்த சில மணி நேரத்தில் நகைக்கடைகளில் கூட்டம் முண்டியடித்தது. அதில் கறுப்புப் பணக்காரர்கள் இருந்தார்கள்தான். ஆனால் அரசே அச்சடித்த காகிதம் ஓர் இரவில் வெறும் காகிதமாகும் என்பதைக் கண்ணால் கண்ட சாதாரணக் குடும்பம் அதிலிருந்து என்ன பாடம் படிக்கும்? அந்தப் பாடத்தை அறியாமை என்று சொல்ல யாருக்கும் அருகதை இல்லை.

மக்களை விடுவோம், அரசு என்ன செய்கிறது? 1991இல் அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குத்தான் தாங்கும் என்ற நிலை வந்தது. அப்போது எந்தத் தொழிற்சாலையும் எந்தப் பாலமும் கைகொடுக்கவில்லை. மே மாதம், கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்து வைத்திருந்த தங்கத்தில் 20 டன்னை ஸ்டேட் வங்கி வழியாக சுவிட்சர்லாந்தின் யூனியன் வங்கிக்கு, திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு விற்றார்கள். ஜூலையில் ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி அனுப்பி, இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடு வைத்து 40 கோடி டாலர் அளவுக்குப் புரட்டியது. அவமானம் என்று நாடே கொதித்தது. ஆனால் கடன் தவணை தவறாமல் மானம் காத்தது அந்த அடகுதான். ஒரு குடியானவக் குடும்பம் ஆடி மாதத்தில் செய்வதை இந்தியக் குடியரசு ஆனி, ஆடியில் செய்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் அரசு தங்கத்தைச் செத்த முதல் என்று ஒதுக்கிவிடவில்லை. 2009இல் ரிசர்வ் வங்கி பன்னாட்டு நிதியத்திடமிருந்து 200 டன்னை 670 கோடி டாலருக்கு வாங்கியது. 2023–24 நிதியாண்டில் இங்கிலாந்தில் இருந்த தங்கத்தில் சுமார் 100 டன்னைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தது. உக்ரைன் போரை ஒட்டி ரஷ்ய மத்திய வங்கியின் வெளிநாட்டுக் கையிருப்பு முடக்கப்பட்டதைப் பார்த்த பிறகு, உலக மத்திய வங்கிகள் 2022, 2023, 2024 என மூன்று ஆண்டும் தலா 1,000 டன்னுக்கு மேல் வாங்கிக் குவித்தன. 1999க்கும் 2002க்கும் இடையே 395 டன்னை அவுன்ஸுக்குச் சராசரியாக 275 டாலருக்கு விற்றுவிட்ட பிரிட்டனை இன்று உலகமே கேலி பேசுகிறது. மத்திய வங்கி வாங்கினால் தொலைநோக்கு, மாரியம்மாள் வாங்கினால் மூடத்தனம் என்பது என்ன நியாயம்? பிறர் வாக்குறுதியை நம்பாமல் கையில் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்ற ஒரே காரணம்தான் இரண்டு இடத்திலும்.

வீட்டுத் தங்கத்தின் மேல் அரசு கண் வைத்த வரலாற்றையும் பார்க்க வேண்டும். சீனப் போர் முடிந்த கையோடு, 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் நகை செய்யத் தடை. மக்கள் மனம் மாறவில்லை. பொற்கொல்லர்கள் பட்டறைதான் மூடியது. தலைமுறை தலைமுறையாக ஊதுகுழலும் குறடும் பிடித்தவர்கள் வேலையிழந்து தவித்தார்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 1968இல் அது முழுச் சட்டமாகி, தனியார் கட்டித் தங்கம் வைத்திருக்கத் தடை வந்தது. விளைவு, மேற்குக் கடற்கரையில் தங்கக் கடத்தல் ஒரு சாம்ராஜ்யமாக வளர்ந்தது. 1990இல் சட்டத்தையே ரத்து செய்தார்கள்.

மிரட்டல் பலிக்காதபோது ஆசை காட்டினார்கள். 1999இல் ஒரு தங்க வைப்புத் திட்டம், 2015 நவம்பரில் தங்கப் பணமாக்கல் திட்டம். நகையைக் கொடுங்கள், உருக்கிக்கொள்கிறோம், ஆண்டுக்கு 2.25, 2.5 சதவீத வட்டி தருகிறோம் என்றார்கள். ஒன்பது ஆண்டுகளில், 2024 நவம்பர் வரை, வந்து சேர்ந்தது ஏறத்தாழ 31 டன். 25,000 டன்னோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒன்று, கொஞ்சம் கூடுதல். 2025 மார்ச்சில் நடுத்தர, நீண்டகால வைப்புகளை நிறுத்திவிட்டார்கள். மக்களின் உணர்ச்சிப் பிடிப்புதான் காரணம் என்று பழி சொன்னார்கள். தாலிக்கொடியை உருக்கக் கொடுக்க மனம் வராது என்பது உண்மைதான். ஆனால் உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பச்சைக் கணக்காகப் பார்த்தாலும் அந்தத் திட்டம் கட்டுப்படியாகாது. ஐந்து ஆண்டும் பன்னிரண்டு ஆண்டும் பூட்டப்படும் தங்கத்தை, ஆஸ்பத்திரிச் செலவு வரும் இரவில் யாரால் எடுக்க முடியும்? இரண்டே கால் சதவீதத்துக்காக அந்த வசதியை விட்டுக்கொடுக்க மறுத்தவர்களைக் கணக்குத் தெரியாதவர்கள் என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

அதே 2015 நவம்பரில் வந்த தங்கப் பத்திரத்தின் கதை இன்னும் சுவையானது. காகிதத் தங்கம் வாங்குங்கள், கூடவே 2.75 சதவீத வட்டி தருகிறோம் என்றது அரசு. முதல் வெளியீட்டில் ஒரு கிராம் 2,684 ரூபாய். 2023 நவம்பரில் அது முதிர்ந்தபோது கிராமுக்கு 6,132 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிய பத்திரமே வெளிவரவில்லை. செத்த முதல் என்று ஊருக்கு உபதேசம் செய்தவர்கள், அந்த முதலுக்கே கடன்காரராகி, தாங்க முடியாமல் கடையைச் சாத்தினார்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது. 2024–25இல் தங்க இறக்குமதிக்கு ஏறத்தாழ 5,800 கோடி டாலர் வெளியே போயிருக்கிறது. இந்தியாவில் தோண்டி எடுப்பது மிகச் சொற்பம். கோலார் சுரங்கம் 2001இலேயே மூடப்பட்டுவிட்டது. ஆகவே வாங்குகிற ஒவ்வொரு சவரனும் ரூபாயின் மேல் ஒரு சுமைதான். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்ரோலுக்குப் போகும் டாலர் எரிந்து முடிந்துவிடுகிறது. தங்கத்துக்குப் போகும் டாலர் பொருளாக நாட்டுக்குள் நிற்கிறது. தேசியக் கணக்குகளே மதிப்புமிகு பொருள்களை மூலதன ஆக்கத்தின் ஒரு பகுதியாகத்தான் வைத்திருக்கின்றன. தவிர, இறக்குமதியைக் குறைக்க வழி தேவையைக் குறைப்பதுதான். நோய் வந்தால் குடும்பம் திவாலாகாது, முதுமையில் ஓய்வூதியம் வரும், நியாய வட்டியில் சிறுகடன் கிடைக்கும், போட்ட பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்ற நிலை வந்தால், தங்கம் வாங்கும் வேகம் தானே தணியும். இந்த நான்கையும் செய்யாமல் இறக்குமதி வரியை ஏற்றினால், 1970களில் கண்டதுபோலக் கடத்தல்தான் ஏறும். 2024 ஜூலையில் வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்ததே அந்தப் பாடத்தைப் படித்ததால்தான்.

வரதட்சணையையும் இதற்குள் இழுப்பார்கள். எத்தனை பவுன் போடுவீர்கள் என்று கேட்கிற வாய்க்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் அது தங்கத்தின் குற்றமில்லை, கேட்கிறவரின் குற்றம். தங்கம் இல்லாத இடத்தில் ரொக்கம் கேட்பார்கள், கார் கேட்பார்கள், ஃபிளாட் கேட்பார்கள். அவற்றில் எதுவும் பெண் பெயரில் நிற்பதில்லை.

உண்மையில் கோபப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நாட்டின் மூலதனத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. வட்டி கட்ட முடியாமல் மூழ்கிப் போகிற நகை. அடகுக் கடைகளை நெறிப்படுத்த 1943ஆம் ஆண்டிலிருந்து இங்கே தனிச் சட்டம் இருக்கிறது. இருந்தும் துண்டுச் சீட்டில் எழுதித் தரும் கடைகள் இருக்கின்றன. ஏல அறிவிப்பு வந்ததே தெரியாமல் நகை போனவர்கள் இருக்கிறார்கள். 2021 தேர்தலுக்கு முன்னால் கூட்டுறவு நகைக் கடன் தள்ளுபடியை அ.தி.மு.க. அரசு ஆறு பவுன் வரை என்றது, தி.மு.க. ஐந்து பவுன் வரை என்றது. நகைக் கடன் எவ்வளவு பெரிய அன்றாடப் பிரச்சினை என்பதற்கு அந்த ஏலப்போட்டியே சாட்சி.

ஆகவே சீர்திருத்தம் வேண்டிய இடம் பீரோ இல்லை, கவுண்டர். கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டில், வங்கிகள் நகை மதிப்பில் 90 சதவீதம் வரை கடன் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி தளர்த்தியது. மற்ற கதவுகள் மூடிக் கிடந்தபோது இந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று அதற்கே தெரிந்திருந்தது. 2025 ஏப்ரலில் அதே வங்கி நகைக்கு உரிமைச் சான்று கேட்கும் வரைவு விதிகளை வெளியிட்டபோது தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஒன்றிய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். மாமியார் போட்ட வளையலுக்கு யாரிடம் ரசீது இருக்கும்? ஜூனில் வந்த இறுதி விதிகள் கொஞ்சம் இறங்கி வந்தன. இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் கொடுக்கலாம். கடனை அடைத்த பிறகும் ஏழு வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இவை சரியான திசையில் வைத்த அடிகள்.

இன்னும் வேண்டியவை பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. அசலில் ஒரு பகுதியைக் கட்டினால் அந்த அளவுக்கு ஒரு நகையை மீட்டுக்கொள்ளும் உரிமை எல்லா இடத்திலும் வர வேண்டும். வட்டியைக் கட்டி மாற்றி வைக்கிற பழைய வழக்கத்தை அடைத்துவிட்டு, அசல் முழுவதையும் ஒரே நாளில் கொண்டுவா என்பது விவசாயியை நாள்வட்டிக்காரரிடம் தள்ளிவிடுவதாகும். அது மாற வேண்டும். ஏலம் போவதற்கு முன்னால் நகைக்குரிய பெண்ணுக்கு, அவள் மொழியில், அவள் கைக்கு அறிவிப்பு போக வேண்டும். ஏலத்தில் மிஞ்சிய தொகை கேட்காமலே அவள் கணக்குக்கு வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டுறவுச் சங்கங்களிடம் கொடுப்பதற்குப் பணம் இருக்க வேண்டும்.

இவற்றைச் செய்ய ஒரு கிராம் தங்கத்தையும் வீட்டிலிருந்து பிடுங்க வேண்டியதில்லை. இருக்கிற இடத்திலேயே அது இன்னும் மலிவாக, இன்னும் பத்திரமாக வேலை செய்யும். அதைச் செய்யாமல் வீட்டு நகையைத் தொழிற்சாலைக்குக் கொடு என்று கேட்கிறவரிடம், அவசரத்துக்கு நீங்கள் அரை மணி நேரத்தில் கடன் தருவீர்களா என்று கேளுங்கள். தருகிறேன் என்று உத்தரவாதம் தரும் அரசோ வங்கியோ வரும்வரை, சங்கிலியைக் கழற்ற மறுப்பதுதான் அந்தக் குடும்பத்தின் பொருளாதார அறிவு.